நாலாவது கண்டிஷன்

“எந்த கண்டிஷனைப் போட்டா கரெக்டா தொண்ணூறு வரும்மா?”

சிவக்கொழுந்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையல்கட்டுக்கே வந்துவிட்டார். மார்கழி மாதம், காலை ஆறரை மணி. பேச்சோடு சேர்ந்து அவர் வாயிலிருந்து புகையும் வந்தது.

தவமணி அம்மா பொங்கலுக்கு மிளகு இடித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆசிரமத்தின் குரு அவர்தான். வயது முப்பத்தெட்டு. சீடர் சிவக்கொழுந்துக்கு அறுபத்து மூன்று. அவர் இவரை அம்மா என்பார், இவர் அவரை ஐயா என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

சிவக்கொழுந்து சர்க்கரை ஆலை அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். மனைவி இறந்த பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஞானம் தேடி இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார். எக்செல்லை மட்டும் அவரால் விட முடியவில்லை.

“உக்காருங்கய்யா. என்ன தொண்ணூறு?”

“கம்பளிம்மா.”

மார்கழி தோறும் ஆசிரமம் சுற்றுவட்டார ஏழை வீடுகளுக்குக் கம்பளி கொடுக்கும். இந்த வருடம் அறையில் இருப்பது தொண்ணூறு. கொடுத்தது போக மிஞ்சினால், டவுனில் இருக்கும் கிளை ஆசிரமத்துக்குப் போய்விடும். அதை ஏற்றிக்கொண்டு போக அன்று மத்தியானமே வேன் வருவதாக இருந்தது.

“எத்தனை பேர் கேட்டிருக்காங்க?”

“எழுபத்தோரு வீடு. மொத்தம் நூத்தி அறுபத்தி நாலு கம்பளி.”

“இருக்கிறது தொண்ணூறு.”

“அதுக்குத்தான் கண்டிஷன் போடறேன். வீடு மலைக்கு மேல இருக்கணும்னேன். நூத்தி முப்பத்தி ஒண்ணாச்சு. ஓலைக் கூரையா இருக்கணும்னேன். நூத்திப் பன்னெண்டு. வீட்ல அறுபது வயசு தாண்டினவங்க இருக்கணும்னேன். தொண்ணூத்தி ஏழு.”

“ஏழுதானே ஜாஸ்தி.”

“அந்த ஏழு எந்த ஏழுன்னு நான் எப்படிம்மா சொல்றது? அதான் நாலாவதா ஒண்ணு போட்டேன். போன வருஷம் வாங்கினவங்களுக்கு இந்த வருஷம் கிடையாதுன்னு. சடார்னு அம்பத்தி ரெண்டுக்கு எறங்கிடுச்சு.”

அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. ராத்திரி முழுக்கப் புரண்டிருப்பார் போலிருக்கிறது.

“வயசை அறுபத்தஞ்சாக்கிப் பாத்தேன். ரொம்பக் குறைஞ்சுது. நாலாவதை எடுத்தா ஏழு பத்தல. போட்டா முப்பத்தெட்டு மிஞ்சுது. தொண்ணூறு மட்டும் வர மாட்டேங்குது.”

“ஃபார்முலா சரியா இருக்கா?”

“அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. நாலும் பொருந்தினாத்தான் அந்த வரி கூட்டல்ல வரும். ஒண்ணு தப்பினாலும் வீடே வெளிய. அதுல ஒரு தப்பும் இல்ல.”

“இல்லதான்,” என்றார் அம்மா.

மிளகை வாணலியில் போட்டார். நெய் சீறியது.

“நாலாவது கண்டிஷன்ல எத்தனை வீடு வெளிய போச்சு?”

அது சிவக்கொழுந்துக்குத் தெரியவில்லை. உள்ளே வந்தவர்களின் கூட்டுத்தொகையைத்தான் ஃபார்முலா சொல்லும். வெளியே போனவர்களைப் பற்றி அதை யாரும் கேட்பதில்லை.

அங்கேயே உட்கார்ந்து பட்டியலை வடிகட்டிப் பார்த்தார். பொங்கல் வெந்து இறங்குவதற்குள் பதில் வந்துவிட்டது.

“பத்தொம்பது வீடும்மா.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“என்ன?”

“இந்த வருஷம் இல்லைன்னு.”

“நாம போய்க் குடுக்கறப்போ தெரிஞ்சுக்குவாங்க.”

“அது வரைக்கும் வரும் வரும்னு பாத்துக்கிட்டு இருப்பாங்க, பாவம். பட்டியலை எடுத்துக்கிட்டு நீங்களே போங்கய்யா. உங்களுக்கு இந்தக் காரணத்தால இல்லைன்னு ஒவ்வொருத்தர் கிட்டயும் சொல்லிட்டு வந்துடுங்க.”

“நானா?”

“கண்டிஷன் போட்டது நீங்கதானே?”

சிவக்கொழுந்து ஞானத்துக்கு வந்தவர். ஒரு நல்ல ஃபார்முலா கிடைத்தாலும் போதும் என்றுதான் அன்று காலையில் எழுந்தார். கிடைத்தது மலையேற்றம்.

அம்மா அவரைச் சும்மா அனுப்பவில்லை. சூடாகப் பொங்கல் போட்டு, மறுபடியும் போட்டு, மஃப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டச் சொல்லித்தான் அனுப்பினார்.

பட்டியலில் முதல் பெயர் சடையன். வயது அறுபத்தாறு. ஊர் புளியங்குட்டை. கேட்டது இரண்டு. போன வருடம் வாங்கியது ஒன்று.

ஒரு மணி நேர ஏற்றம். வழியெல்லாம் சிவக்கொழுந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். முதலில் வணக்கம். பிறகு ஆசிரமத்தின் நிலைமை. பிறகு நிபந்தனை. யாரையும் நோகடிக்கக் கூடாது, ஆனால் பிடி கொடுத்துவிடவும் கூடாது. ஆலையில் எத்தனை பேருக்கு இல்லை என்று சொல்லியிருப்பார். எல்லாம் கடிதத்தில்தான், நேரில் ஒருவரிடமும் சொன்னதில்லை என்பது பாதி ஏற்றத்தில்தான் அவருக்கு நினைவு வந்தது.

சடையன் வீட்டு வாசலில் ஒரு பெண் சாமை இடித்துக்கொண்டிருந்தார்.

“சடையன் வீடு இதுதானேம்மா?”

“இதான் சாமி. ஆசிரமத்துலேருந்தா வர்றீங்க?”

உலக்கையைச் சாத்திவிட்டு உள்ளே ஓடினார். ஒரு சாக்கைக் கொண்டுவந்து உதறி விரித்தார். சிவக்கொழுந்து உட்கார்ந்தார். தரையின் சில்லிப்பு அப்படியும் ஏறியது. அந்தப் பெண் சுக்குத்தண்ணி கொண்டுவந்தார். அவர் பெயர் வெள்ளச்சி, சடையனின் மனைவி.

சுக்குத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? குடித்துவிட்டுச் சொல்வது அதைவிட மோசம். பாதி குடித்த நிலையில் சொன்னார்.

“போன வருஷம் உங்க வீட்டுக்கு ஒரு கம்பளி குடுத்திருக்கோம்மா.”

“ஆமா சாமி. குடுத்தீங்க.”

“அதனால இந்த வருஷம்…”

“இல்லியா?”

“வாங்கினவங்களுக்கு இல்லைன்னு ஒரு கண்டிஷன் வெச்சிருக்கோம்.”

“நாயந்தான் சாமி. வாங்காதவங்களும் இருக்காங்க இல்ல.”

அவ்வளவுதான். சண்டை இல்லை, கெஞ்சல் இல்லை. சிவக்கொழுந்துக்கு அப்பாடா என்றிருந்தது. மீதியையும் ஒரே மடக்கில் குடித்தார். அடுத்த வீட்டுக்காரரும் இப்படியே இருந்தால் மத்தியானத்துக்குள் பாதி முடிந்துவிடும்.

“சாமி, அந்தக் காயிதத்துல எங்களுக்கு எத்தினி எழுதிக்கீது?”

“ரெண்டு.”

“ஒண்ணுன்னு திருத்திடுங்க.”

“ஏம்மா?”

“புரட்டாசில வந்து எழுதிக்கினு போனாங்க. அப்ப ரெண்டு பேரு இருந்தோம். அவரு ஐப்பசில போயிட்டாரு.”

சிவக்கொழுந்து பட்டியலைப் பார்த்தார். சடையன், அறுபத்தாறு. தாளில் அவர் இன்னும் உயிரோடு இருந்தார்.

“கம்பளிதான் இல்லைன்னுட்டேனேம்மா. அதைத் திருத்தி என்ன ஆகப்போவுது?”

“இல்லாட்டி என்ன சாமி, தப்பா இருக்கக் கூடாது இல்ல.”

சிவக்கொழுந்து கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டார்.

“போன வருஷம் குடுத்த கம்பளி?”

“அவரோடயே அனுப்பிட்டோம். எங்கள்ல போத்தினு இருந்தத வூட்ல வெச்சுக்க மாட்டோம் சாமி. ஆளோட வெச்சு மூடிடுவோம். குளிரு தாங்காத மனுசன் வேற.”

சொல்லும்போது வெள்ளச்சி அழவில்லை. அவரைப் புதைத்த மண் மேட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

சிவக்கொழுந்தின் மனைவி போர்த்தியிருந்த சால்வை டவுன் வீட்டு பீரோவில் நாலு வருடமாக மடித்தபடி இருக்கிறது.

“உங்களுக்கு என்ன வயசும்மா?”

“அம்பத்தஞ்சு இருக்கும்.”

கை தன் பழக்கத்தில் பேனாவை எடுத்தது. எழுதப் போனவர் நிறுத்தினார். அறுபது தாண்டியவர் இப்போது அந்த வீட்டில் இல்லை. அதாவது, மூன்றாவது கண்டிஷனும் தப்பிவிட்டது. கணக்கில் அதுவரை ஒரு கண்டிஷனில் வெளியே இருந்த வீடு, புருஷனைப் பறிகொடுத்ததால் இப்போது இரண்டில் வெளியே.

“ராத்திரிக்கு எதைப் போத்திக்கறீங்க?”

வெள்ளச்சி சிரித்தார். “சாக்கு இருக்குது சாமி.”

வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார் சிவக்கொழுந்து. ஒரு பானை, ஒரு பாய், ஒரு விளக்கு. சாக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

பிறகுதான் புரிந்தது. பதறி எழுந்தார். உட்கார்ந்திருந்த சாக்கைத் தூசி தட்டினார். அதை எப்படித் திருப்பித் தருவதென்று தெரியாமல், இரண்டு கையாலும் மடித்து நீட்டினார். பெரியவர்களிடம் பழம் கொடுப்பதுபோல் இருந்தது அது. வெள்ளச்சிக்கு அதில் வெட்கமாகிவிட்டது.

அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. சிவக்கொழுந்து அங்கே போகவில்லை. மலையை விட்டு இறங்கினார்.

ஆசிரமத்துக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் மடிக்கணினியைத் திறந்தார். சடையன் வரியில் இரண்டை அழித்துவிட்டு ஒன்று என்று அடித்தார்.

கீழே கூட்டுத்தொகையைப் பார்த்தார்.

ஐம்பத்திரண்டு.

மறுபடியும் இரண்டு போட்டார். ஐம்பத்திரண்டு.

நூறு என்று போட்டார். ஐம்பத்திரண்டு.

சடையன் என்ற பெயரையே அழித்தார். ஐம்பத்திரண்டு.

பெயரைத் திரும்ப அடித்தார். அது வேண்டாம் என்று மறுபடி அழித்து, வெள்ளச்சி என்று எழுதினார். பக்கத்தில் ஒன்று என்று போட்டார். அதற்கும் அது அசையவில்லை.

தவமணி அம்மா கதவருகே வந்து நின்றார்.

“சொல்லிட்டீங்களாய்யா?”

“ஒரு வீட்லதான்மா.”

“என்ன சொன்னாங்க?”

“நாயந்தான்னாங்க.”

திரையிலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை.

“அந்த வீட்ல ஒரு ஆளே போயிட்டாரும்மா. இங்க கூட்டல் மாறவே இல்ல. எதைப் போட்டாலும் மாற மாட்டேங்குது. ஃபார்முலா சரியாத்தான்மா இருக்கு.”

அம்மா இடுப்பிலிருந்து கம்பளி அறைச் சாவியை எடுத்து மடிக்கணினி மேல் வைத்துவிட்டு, அவருக்குச் சோறு போடப் போனார்.

வாசலில் வேன் வந்து ஹார்ன் அடித்தது.

“ஐயா, முப்பத்தெட்டு கம்பளின்னு சொன்னாங்க,” என்றார் டிரைவர். “ஏத்திடலாங்களா?”

சிவக்கொழுந்து கம்பளி அறையிலிருந்து வெளியே வந்தார். கக்கத்தில் ஒரு கம்பளி இருந்தது, கையில் பட்டியல் இருந்தது. வந்தவர் அறையை மறுபடியும் பூட்டினார்.

“நீ சாப்ட்டுட்டு வேனைத் திருப்பிக்க தம்பி,” என்றார். “நான் இன்னும் கூட்டி முடிக்கல. பதினெட்டு வீடு இருக்கு.”