பந்தல்காரர் போட்ட முடிச்சு

மலையில் மழை ஓயவில்லை. அணை நிரம்பிவிட்டது, நாளை மறுநாள் தண்ணீர் திறக்கப்படும், கரையில் இருப்போர் மேட்டுக்குச் செல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று அறிவித்துவிட்டுப் போயிற்று.

ஆற்றங்கரை மடத்தில் முதியவர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். மடத்தின் தலைவி மெய்யம்மை, தம் சீடர் பொன்னுரங்கத்தை அழைத்தார்.

"ஆளுக்கு ஒரு மூட்டை கட்டும். எடுத்த எடுப்பில் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படும்படி இருக்க வேண்டும்."

பொன்னுரங்கம் மடத்துக்கு வருமுன் முப்பது ஆண்டுகள் பந்தல் போட்டவர். மெய்யம்மையைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் போட்ட முடிச்சை ஆடிக் காற்றும் அவிழ்த்ததில்லை என்பது ஊர்ப்பேச்சு. அந்தப் பேச்சை அவரும் மறுத்ததில்லை.

அன்று முழுவதும் அவர் அமரவில்லை. ஒரு வாரத்து மருந்து, மருத்துவர் சீட்டின் நகல், மாற்றுக் கண்ணாடி, டார்ச், உலர்ந்த துணி, பொரி, தண்ணீர், உறவினரின் தொலைபேசி எண் எழுதிய அட்டை என எல்லாவற்றையும் நனையாத உறையிலிட்டு மூட்டையாக்கினார். எண்பத்து நான்கு வயது கோதண்டத்தின் மூட்டையில் மட்டும், நெஞ்சு வலித்தால் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். கோதண்டத்தின்மீது அவருக்குத் தனி மரியாதை. விடியலுக்கு வெகு முன்பே எழுந்து, முதுகு மட்டும் தெரிய அமர்ந்து, குனிந்த தலை நிமிராமல் ஜபம் செய்பவர் அவர்.

"ஏதாவது விட்டுப்போயிற்றா, தாயே?"

மெய்யம்மை மூட்டைகளைப் பார்த்தார். "பொருள் எதுவும் விட்டுப்போகவில்லை. உட்காரும்."

சீடரின் விரல்களை ஈரத்துணியால் இரண்டிரண்டாகச் சுற்றிக் கட்டினார். மூக்குக்கண்ணாடி ஒன்றில் எண்ணெய் தடவி மாட்டிவிட்டார். கோதண்டத்தின் மூட்டையை அவர் மடியில் வைத்தார்.

"இப்போது உமக்கு எண்பத்து நான்கு வயது. நெஞ்சு வலிக்கிறது. மாத்திரை உள்ளே இருக்கிறது. எடும்."

முடிச்சு வழுக்கியது. பிறகு முன்னிலும் இறுகியது. பொன்னுரங்கம் முடிச்சைப் பல்லால் கடித்து இழுக்கக் குனிந்தார்.

"பல்செட் கிண்ணத்தில் இருக்கிறது," என்றார் மெய்யம்மை.

"அப்படியானால் யாரையாவது கூப்பிடுவேன்!"

"கூப்பிடும். எல்லோரும் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார்கள்."

முதியவர்கள் கூடிவிட்டார்கள். "ஆடிக் காற்றுக்கே அசையாத முடிச்சாயிற்றே!" என்று ஒருவர் சிரித்தார். கோதண்டம் சிரிக்கவில்லை. நடுங்கும் கையால் சீடரின் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"விடும், பந்தல்காரரே. முதல் பொத்தானில் எனக்கும் இப்படித்தான் வேர்க்கும்."

"எந்தப் பொத்தான், ஐயா?"

"சட்டைப் பொத்தான். ஐந்து இருக்கின்றனவே! பூசை மணி அடிப்பதற்குள் போட்டாக வேண்டும். மூன்றரைக்கு எழுந்தால்தான் நேரம் போதுகிறது."

பொன்னுரங்கம் அந்தச் சட்டையைப் பார்த்தார். நான்கு ஆண்டுகளாகப் பார்த்துவந்த சட்டை. கழுத்து வரை, ஒன்றும் தவறாமல், ஐந்து பொத்தான்கள். தேர் எதிரே வந்து நின்றாற்போல் அவருக்கு மெய் சிலிர்த்தது.

ஒன்பது மூட்டைகளையும் அவிழ்த்தார். நுனியை இழுத்தால் கழன்றுவிடும்படி, முடிச்சென்று சொல்லவே பந்தல்காரர் கூசும் ஒன்றைப் போட்டார். ஒவ்வொருவரிடமும் கொடுத்து அவிழ்க்கச் சொன்னார். அவிழாதவற்றை மீண்டும் கட்டினார்.

மறுநாள் நண்பகலில், சொன்ன நாளுக்கு முன்பே, தண்ணீர் வந்தது. நடக்க இயலாத ஒருவரை முதுகில் சுமந்தபடி பொன்னுரங்கம் மேட்டில் ஏறினார். முன்னால் போய்க்கொண்டிருந்த கோதண்டம் நின்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லின்மேல் அமர்ந்தார்.

பொன்னுரங்கத்தின் இரு கைகளிலும் ஓர் உயிர் இருந்தது. பார்க்க மட்டுமே முடிந்தது.

நடுங்கும் விரல்கள் நுனியைத் தேடின. தவறின. மறுபடி தேடின, பதற்றமே இல்லாமல். பிறகு இழுத்தன. மூட்டை வாய் திறந்தது. மாத்திரை நாக்கின் அடிக்குப் போயிற்று.

சற்றுப் பொறுத்துக் கோதண்டம் எழுந்தார்; சட்டையை நீவிவிட்டுக்கொண்டு மெல்ல நடந்தார்.

மேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது பேரும் வந்து சேர்ந்தபின், சீடர் மெய்யம்மையின் அருகில் போய் நின்றார். கீழே, மடம் இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"தாயே, நான்கு ஆண்டுகளாக அவர் ஜபம் செய்கிறார் என்றே நினைத்திருந்தேன்."

"இல்லையென்று உமக்கு யார் சொன்னது?" என்றார் மெய்யம்மை.