கள்ளிப்பாறைக்காரர்கள்

“வேலியில நிக்கிறவனுக்கு முள்ளு, வீட்டுக்குள்ள இருக்கிறவனுக்கு…” என்று பூவணனின் தாய்மாமன் கல்யாணப் பந்தல்களில் எழுந்து பேசுவார். மிச்சம் என்னவென்று பூவணனுக்கு ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை. பழம் என்றாரோ, பாயசம் என்றாரோ. பந்திக்கு இலை போடுகிற அமளியில் பாதிதான் காதில் விழும்.

செங்கழனி அரசர் செம்பியராயரின் சபையில் விகடம் பேசிப் பிழைக்கிறவன் பூவணன். அன்று காலை அந்தப் பாதி வசனம்தான் அவன் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. காரணம், பக்கத்து நாட்டுத் தூதுவன் சொல்லிவிட்டுப் போன சேதி.

“உங்கள் எல்லையில் கள்ளிப்பாறைப் பக்கம் ஆளையே காணோம். ஆளில்லாத மண்ணுக்கு ராசா எதற்கு? எங்கள் ஆடுகளாவது மேயட்டும்.”

அரசருக்குப் புரியவில்லை. “கள்ளிப்பாறையில் ஆளில்லையா? என் சபையில் பாதிப் பேருக்கு அதுதானே ஊர்?”

அதுதான் ஊர். அரசரின் பாட்டனார் காலத்துப் போரில் கள்ளிப்பாறைக்காரர்கள் எல்லையைக் காத்தார்கள். அதிலிருந்து நவராத்திரி சபையில் முதல் தாம்பூலம் அவர்களுக்கு. தாம்பூலம் வாங்க வந்தவர்கள் தலைநகர் செங்கழனியிலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். பிற்பாடு வீடு கட்டியவர்களும் “நாங்களும் கள்ளிப்பாறைதான்” என்றார்கள். யார் போய்ப் பார்த்தது?

பிரதானி மலைக்கொழுந்து எழுந்தார். “அரசே, இதற்கா கவலை? குயவர் தெருவை அப்படியே கிளப்பிக் கள்ளிப்பாறைக்கு அனுப்பிவிடுவோம். மழைக்கு முன்னால் குடியேறிவிடுவார்கள். எல்லையும் நிறைந்துவிடும்.”

பிரதானியின் மாந்தோப்பு குயவர் தெருவை ஒட்டி இருந்தது. தோப்பை விரிக்க இடமில்லையே என்று அவர் புலம்பாத நாள் கிடையாது.

“நல்ல யோசனை,” என்றார் அரசர். “பூவணா, நீ முன்னால் போய் இடம் பார்த்துவிட்டு வா.”

போகிற வழியில் குயவர் தெருவில் சடைச்சி அவனை மறித்தாள். பானை தட்டுகிற பலகை கையிலேயே இருந்தது.

“அங்க களிமண் கெடைக்குமா ஐயா?”

“பேரே பாறை, சடைச்சி.”

“கொளம்?”

“கள்ளி இருக்கிறது.”

“அப்ப நாங்க எதைப் பெசஞ்சு எதைச் சுடுறது?”

“பிரதானி அந்தளவுக்கு யோசிக்கவில்லை போலிருக்கிறது.”

“யோசிச்சிருப்பாரு. எங்களுக்காக யோசிக்கல, அவ்வளவுதான்.”

கள்ளிப்பாறையில் ஒரே ஒரு கூரை. வாசலில் ஆட்டுக்காரன் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

“ஊரில் வேறு யாருமில்லையா?”

“நான், ஆடு, வீட்டுக்காரி.”

“நீ இந்த ஊர்தானே?”

“அந்தப் பக்கத்து ஆளுங்க. மாமனாரு ஆட்டைப் பாத்துக்க ஆளில்லன்னாரு, வந்து ஒட்டிக்கிட்டேன். அவதான் இந்த ஊருக்காரி.”

“அப்படியென்றால் உனக்கு ராசா யாரு?”

“புல்லு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓட்டுவேன். ராசா யாருன்னு ஆடு கேட்டதில்லீங்க.”

பூவணன் திரும்பி வந்தான். “அரசே, புதுக்குடி ஏற்றுவது இருக்கட்டும். ஏற்கெனவே இருக்கிற கள்ளிப்பாறைக்காரர்களுக்கு ஒரு காவல் சாவடி வேண்டாமா?”

“கட்டாயம் வேண்டும். அவர்கள் எங்கே நெருக்கமாக இருக்கிறார்களோ அங்கே போடு. வருகிறவன் போகிறவன் யாரானாலும் நிறுத்தி விசாரி.”

மறுநாள் காலை பிரதானியின் பல்லக்கு அவர் வீட்டுத் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. குறுக்கே மூங்கில் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் ஈட்டிக்காரர்கள். நடுவில் முக்காலி போட்டுப் பூவணன்.

“யாரது? எந்த ஊர்?”

“என்னைத் தெரியாதா உனக்கு?”

“தெரியும். இருந்தாலும் சாவடி என்றால் கேட்கிற முறை ஒன்று உண்டே. எந்த ஊர்?”

“கள்ளிப்பாறை. ஏழு தலைமுறையாக.”

“கடைசியாக அங்கே எப்போது போனீர்கள்?”

“பாட்டனார் போயிருக்கிறார் என்று கேள்வி.”

“வெற்றிலைப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். பகைநாட்டு ஓலை ஏதாவது இருக்கலாம்.”

பிரதானி பல்லக்கைத் திருப்பவும் முடியாமல், இறங்கிச் சந்து வழியாக அரண்மனைக்கு ஓடினார். சற்று நேரத்தில் அரசரே வந்துவிட்டார். தெரு முழுக்கக் கூட்டம்.

“பூவணா, சாவடியை எங்கே போடச் சொன்னேன்?”

“கள்ளிப்பாறைக்காரர்கள் நெருக்கமாக இருக்கிற இடத்தில். கள்ளிப்பாறையில் தேடினேன், ஒரே ஒருத்தி இருக்கிறாள். அவள் புருஷன் பக்கத்து நாட்டுக்காரன். மற்றவர்கள் எல்லாரும் இந்தத் தெருவில்தான், அரசே. பகைவன் கள்ளிப்பாறையைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் பிரதானியார் வீட்டைத்தான் பிடித்தாக வேண்டும்.”

அரசர் சிரித்தார். தலைப்பாகை நழுவும்வரை சிரித்தார். பிறகு பிரதானியைப் பார்த்தார்.

“இத்தனை ஊர்க்காரர்கள் இருக்கும்போது குயவர்கள் எதற்கு? அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நாளைக் காலை இந்தத் தெரு கிளம்பட்டும்.”

கூட்டத்தில் ஒருவர் தொண்டையைச் செருமினார். “அரசே, தாயார் வழியில்தான் அடியேன் கள்ளிப்பாறை. மற்றபடி செங்கழனிதான்.”

“எங்களுக்கும் செங்கழனிதான்,” என்றார் இன்னொருவர். பேச்சு வீட்டுக்கு வீடு தாவித் தெருக்கோடிவரை போயிற்று.

“நல்லது,” என்றான் பூவணன். “ஆனால் அரசரின் பாட்டனார் கோட்டை கட்ட வந்தபோது செங்கழனியில் இருந்தது குயவர் தெரு ஒன்றுதான். சுற்றிலும் வயல். செங்கழனி பூர்வீகம் என்று யார் சொன்னாலும், அது சடைச்சி வகையறாதான்.”



அந்த வருஷ முதல் தாம்பூலத்தை ஆட்டுக்காரன் பெண்டாட்டிக்கு அனுப்பிவைக்கச் சொன்னார் அரசர். பூவணனுக்குத் தம் கையிலிருந்த கடகத்தைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு மலைக்கொழுந்தின் பக்கம் திரும்பி, “பிரதானியாரே, முடிவாகச் சொல்லும். எந்த ஊர்?” என்று கேட்டார்.

மலைக்கொழுந்து வடக்கே, கள்ளிப்பாறைக்குப் போகிற பாதையைப் பார்த்தார். தம் வீட்டு மாடியைப் பார்த்தார். பிறகு தம் பூர்வீகம் குயவர் தெரு என்று சொன்னார்.