பொந்துக்குள் பிறந்த பாட்டு

குழந்தைகளே, இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஒரு மலையணில். பல ஆண்டுகளாக நான் இதை நம்பவில்லை. கதையில் நல்ல பெயர் வாங்குவதும் அணில். கதையைச் சொல்வதும் அணில். எப்படி நம்புவது? என்றாலும் கேட்டபடியே சொல்கிறேன்.

மேற்கு மலையில், ஈரம் காயாத ஒரு காட்டில், பெரிய அலகுள்ள இரண்டு இருவாச்சிப் பறவைகள் வாழ்ந்தன. ஒன்று ஆண், மற்றது பெண்.

இருவாச்சிகள் மரப்பொந்தில்தான் முட்டையிடும். பெண் உள்ளே போய், சிறு துளை மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். உள்ளே அதன் இறகுகள் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. குஞ்சு வளரும்வரை ஆண் கொண்டுவரும் பழம்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் உயிர்.

அதனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பெண் உள்ளே போகும் முன், ஆண் ஒரு பாட்டுக் கட்ட வேண்டும். இனி என்ன செய்யப் போகிறேன் என்று அதில் சொல்ல வேண்டும். பாட்டை நம்பினால்தான் பெண் உள்ளே போகும்.

ஓர் ஆண்டு, பெண் பொந்துக்குள் இருக்க, இடி மழை பெய்தபோது, நம் ஆண் இருவாச்சி பயந்துபோய் இரண்டு நாள் அடுத்த மலையில் ஒளிந்துகொண்டது. குஞ்சு பிழைக்கவில்லை. பெண் எப்படிப் பிழைத்தது என்று ஆண் கேட்கவில்லை. பெண்ணும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டும் அத்தி பழுத்துவிட்டது. பொந்தைப் பிடிக்க ஓர் உடும்பு இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஆண் இருவாச்சிக்கோ பாட்டு வரவில்லை. மற்றவர்களுக்குப் பாட்டுக் கட்டித் தரும் ஒரு மைனாவிடம் நேராகப் போனது.

"வாருங்கள் அண்ணே! வீரப் பாட்டா, காதல் பாட்டா?" என்று கேட்டது மைனா.

"எதுவானாலும் சரி. சென்ற ஆண்டைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் வேண்டாம்."

"அந்தக் கவலையே வேண்டாம். மனசை இதில் இழுக்காதீர்கள். நான் சொல்வதை அப்படியே பாடுங்கள்."

மறுநாள் காலை ஆண் இருவாச்சி கழுத்தை நீட்டிப் பாடியது:

"மலையைப் பெயர்த்து வருவேன்,
நிலவைப் பறித்துத் தருவேன்!"

பெண் இருவாச்சி தலையைச் சாய்த்துக் கேட்டது. "நிலவை நான் என்ன செய்வது? தின்ன முடியுமா?"

மேல்கிளையில் இருந்த மலையணில் வாலை ஆட்டிச் சிரித்தது. "ஓய் மூக்கா! இன்னும் கொஞ்சம் போனால் கடலையே குடித்துவிடுவாய் போலிருக்கிறதே!"

பெண் சிரிக்கவில்லை. "இடி இடித்தால் என்ன செய்வீர்கள்? பாட்டில் அது இல்லையே" என்றது.

ஆண் இருவாச்சி வெட்கம் தாங்காமல், எங்கே ஒளிவது என்று தெரியாமல், பக்கத்தில் இருந்த அந்தப் பொந்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

உள்ளே ஒரே இருட்டு. சிறகை விரிக்க இடமில்லை. வெளியே எந்தச் சிறகோசை கேட்டாலும், 'யாராவது வருகிறார்களா' என்று மனம் துடித்தது. 'இரண்டு நாள் இப்படித்தானே கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்' என்று நினைத்தபோது வலித்தது. ஓடிவிடத் தோன்றியது. ஓடவில்லை. அந்த வலிக்குள்ளேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தது.

மூலையில் ஒரு பலாக்கொட்டை காய்ந்து கிடந்தது. இருவாச்சி ஒருநாளும் பலா கொண்டுவந்ததில்லை. கொட்டையில் அணிலின் பல் பதிந்திருந்தது.

இருவாச்சி அதை அலகால் மெல்லத் தொட்டது. அப்போது, கட்டாமலே ஒரு பாட்டு வந்தது:

"இருட்டில் இருந்தவளே,
இடிக்குப் பயந்தவன் நான்.
இனியும் பயப்படுவேன்,
பயந்துகொண்டே பறந்து வருவேன்.
பசித்தவளுக்குச் சுளை தந்த
அணிலே, உனக்கு நன்றி.
நீ செய்த என் வேலையை
இனி நானே செய்வேன்."

 மேல்கிளையில் அணில் வாலை ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தது.

வாசலில் பெண்ணின் குரல் கேட்டது: "வெளியே வாருங்கள். அது என் இடம்."

அன்று மாலைக்குள் பெண் உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்துக் கோடை இடியும் மழையும் சேர்ந்து வந்தன. ஒவ்வோர் இடிக்கும் உடல் நடுங்க, தொண்டை நிறைய அத்திப்பழத்தோடு ஆண் இருவாச்சி பறந்து வந்தது. வழியில் ஒரு பழத்தை அணிலின் கிளையில் வைத்தது.

"எனக்கெதற்கு மூக்கா? ஓடு, அங்கே இரண்டு வாய் காத்திருக்கிறது!" என்று விரட்டியது அணில்.

மழைக்காலம் தொடங்கும் முன் பொந்திலிருந்து ஒரு குஞ்சு வெளியே வந்தது.

கதை இவ்வளவுதான். இத்தனை ஆண்டுகள் சந்தேகப்பட்ட நான், கடைசியில் கதையை நம்பி, அந்த அணிலிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அந்த இடி மழையில் உன்னிடம் இருந்த பலாச்சுளையை எல்லாம் அவளுக்குக் கொடுத்துவிட்டாயே, அந்த இரண்டு நாளும் நீ என்ன சாப்பிட்டாய்?"

நீதி: இரவல் சொல்லில் உறுதி பிறக்காது, உள்ளம் உணர்ந்து சொன்ன சொல்லே செயலாகும்.