தினைக்குருவிக்குப் பேர் வந்த கதை

காக்கைக்குப் பேர் இருந்தது, கிளிக்குப் பேர் இருந்தது, மயிலுக்கும் பேர் இருந்தது. ஒரே ஒரு குருவிக்கு மட்டும் யாரும் பேர் வைக்காத காலத்தில், ஒரு மலையில் கொம்பன் என்றொரு தலைவன் இருந்தான், கேளுங்கள்!

அந்த மலையில் தினைதான் சோறு. விதைத் தினையை மூங்கில் குழாயில் அடைத்து, பூச்சி அண்டாமல் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவார்கள். ஊர் விதை முழுவதும் கொம்பன் வீட்டில்தான்.

அந்த வருஷம் அவன் மகளுக்குக் கல்யாணம். அடுப்பை எரித்தார்கள், எரித்தார்கள், அப்படி எரித்தார்கள்! விருந்து பிரமாதம். குழாய்க்குள் விதையோ வறுபட்டே போனது.

தெரியாமல் விதைத்தார்கள். மழை பெய்தது. ஒன்றுகூட முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் அத்தனையும் பொரி!

அடுத்த மழை இறங்குவதற்குள் விதை கிடைக்காவிட்டால் ஊரே பட்டினி. கொம்பன் காட்டுக்குள் ஓடினான். கூடவே ஓடினாள் காந்தள், தினைப்புனத்தில் கவண் வீசிப் பறவை விரட்டுகிறவள்.

"மயிலே, விதை இருக்கா?"

"மேகம் கறுக்குது, நான் ஆடப் போகணும்."

"கிளியே, உன்கிட்ட?"

"தின்னதைத் திருப்பிக் கேக்கிற ஆளை இன்னிக்குத்தான் பாக்கிறேன், மாமா!"

மூன்றாவதாகக் கேட்டது, முள்ளுப் புதருக்குள் இருந்த அந்தப் பேரில்லாத குருவியிடம். கட்டைவிரல் அளவு உடம்பு. ஆனால் அதன் உருண்டைக் கூட்டைப் பார்க்க வேண்டுமே! பூராவும் தினைக்கதிரால் பின்னியது, ஒரு மணி உதிரவில்லை!

"ஏ அக்கா, போன அறுப்புல என்னைக் கல்லால அடிச்சது நீதானே?" என்றது குருவி.

காந்தள் தலையைக் குனிந்தாள். "நான்தான். குறி தப்பிடுச்சு."

"தப்பினதால பிழைச்சேன்!" என்று சிரித்தது குருவி. பிறகு மெல்லச் சொன்னது: "கதிரைத் தர்றேன். கூட்டைப் பிரிச்சா, என் முட்டைக்கு எது கூரை?"

இடி இடித்தது. காந்தள் தன் தலையிலிருந்த ஓலைக்குடையைக் கழற்றினாள், புதர்மேல் கவிழ்த்தாள், கொடியால் இறுக்கிக் கட்டினாள்.

குருவி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. பிறகு கூட்டைப் பிரித்தது, கதிர் கதிராக!

மழை கொட்டியது. தொப்பலாக நனைந்துகொண்டே விதைத்தாள் காந்தள். மலை பச்சைப் பசேலென்று முளைத்தது! ஓலைக்குடைக்குக் கீழே முட்டைகளும் பொரிந்தன.

அறுப்பு நாளில் கொம்பன் முதல் கதிர்க்கட்டைப் புதரடியில் வைத்துக் கூவினான்: "எங்க தினை இருக்கிறவரைக்கும் உன் பேரும் இருக்கும். நீதான் தினைக்குருவி!"

தன் கூட்டையே பிரித்துப் பிறர் பசிக்குக் கொடுப்பவர் எவ்வளவு சிறியவராக இருந்தாலும், ஊர் அவர் பேரைத் தன் சோற்றோடு சேர்த்துச் சொல்லும்.