மேட்சிங் தனபாக்கியமும் நீல வாளியும்

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. ராணியெல்லாம் இல்ல, வெறும் அம்மா. பேரு தனபாக்கியம். அவளுக்கு ஒரு புருஷன், ஏகாம்பரம்னு. ஒரே ஒரு பொண்ணு, தேனுன்னு, அஞ்சு வயசு. உன்னை விட ஒரு வயசு சின்னவ. கதை கேக்கிறியா, கண்ணைத் திறந்துட்டே தூங்கறியா? ம் கொட்டு. நீ கொட்டலைன்னா பெரியம்மா நிறுத்திட்டு என் வேலையைப் பாக்கப் போயிடுவேன்.

"ம்."

அந்தத் தனபாக்கியத்துக்கு எல்லாம் மேட்ச்சா இருக்கணும். சேலை கிளிப்பச்சைன்னா ஜாக்கெட் கிளிப்பச்சை, உள்பாவாடை கிளிப்பச்சை, வளையல் கிளிப்பச்சை, பொட்டு கிளிப்பச்சை, தலையில கிளிப்பு, கையில பை, கால்ல செருப்பு, எல்லாம் கிளிப்பச்சை. மடிப்புல குத்தற சேஃப்டி பின்னுக்குக் கூட பச்சை நெயில் பாலீஷ் தடவி, ஊதி ஊதிக் காய வச்சுக் குத்துவா. ஊர்ல அவளை மேட்சிங் தனபாக்கியம்னுதான் சொல்லுவாங்க. அவளுக்கு அது பட்டம் குடுத்த மாதிரி இருக்கும்.

பெரிய வீதியில ஒரு மேட்சிங் சென்டர். ஜாக்கெட் துணி விக்கிற கடை. அங்க வேலை பாக்கறவர் பேரு பக்கிரிசாமி. இவ தெருமுனையில வர்றதைப் பாத்தாலே பக்கிரிசாமி செருப்பை மாட்டிக்குவார். ஏன்னா கடைக்குள்ள ட்யூப் லைட்ல ஒரு கலர் தெரியும், வெளியில வெயில்ல வேற கலர் தெரியும். அதனால இவ ஒவ்வொரு துணியையும் வெளியில கொண்டு போய்க் காட்டச் சொல்லுவா. அவரும் சடக்குன்னு துணியை உருவுவார், சரக் சரக்னு ரோட்டுக்கு நடப்பார், சேலை மேல வச்சுப் பிடிப்பார்.

"இது அரக்கு. என்னுது அரக்குல ஒரு சொட்டு காபிப்பொடி கலந்தது"ன்னுவா.

"சரிம்மா"ன்னுட்டு அவர் உள்ள போவார். ஒரு நாள் பதினாலு தடவை போயிட்டு வந்தார். பதினஞ்சாவது தடவை, முதல்ல காட்டின துணியையே எடுத்துட்டு வந்து காட்டினார். இவ, "இதைத்தானே காலையில இருந்து கேக்கறேன்"னா. அவர் அதையே கிழிச்சு மடிச்சுக் குடுத்தார். அவருக்கும் குடும்பம் இருக்கு.

"ம்."

அப்புறம் ஒரு நாள் அவ கிளிப்பச்சை கட்டிக்கிட்டு வீட்டுக்குப் பின்னாடி வாழைக்கு நடுவுல நின்னு தலை ஆத்திக்கிட்டிருந்தா. ஏகாம்பரம் வந்தான். "தனம், தனம்"னு கூப்பிட்டான்.

"இங்கதான் நிக்கறேன்"னா அவ.

அவன் இடது பக்கம் பாத்தான், வலது பக்கம் பாத்தான், வாழையைப் பாத்தான். "எங்க?"

"உங்க முன்னாடிதான்."

அவன் நேரா உள்ள போயிட்டான். பக்கத்து வீட்டு ஆடு மட்டும் வந்து, மொறுக் மொறுக்குனு முந்தானையைத் தின்ன ஆரம்பிச்சது. அதுக்கு ஒரு முழம் போச்சு. சரி, வாழைக்கு நடுவுல நின்னா அப்படித்தான்னு அவ விட்டுட்டா.

அப்புறம் தீபாவளிக்கு வீட்டுக்கு பெயின்ட் அடிக்க ஆள் வந்தார். "என்ன கலர்ம்மா அடிக்கணும்?"னு கேட்டார். இவ என்ன பண்ணியிருக்கணும்? அவர் கையில இருக்கிற அட்டையைப் பாத்து ஒரு கலரைக் காட்டியிருக்கணும். இவ உள்ள போய் ஒரு ஜாக்கெட் துணியைக் கொண்டு வந்து, "இதுக்கு மேட்ச்சா"ன்னா. அது வெங்காயச் சருகு கலர். அவரும் வெயில்ல வச்சு வச்சுப் பாத்து அதே கலர்ல சுவர் பூரா அடிச்சுட்டார். நல்ல தொழில்காரர்.

தீபாவளி அன்னிக்கு இவ வெங்காயச் சருகு கலர் சேலையைக் கட்டிக்கிட்டு, எல்லாம் அதே கலர்ல போட்டுக்கிட்டு, சுவரோரமா நின்னா. அப்போ ஏகாம்பரத்தோட அக்கா வந்தா. வந்தவ நனைஞ்ச குடையை எங்க மாட்டறதுன்னு பாத்தா. இவ தோள்ல மாட்டினா. பையையும் மாட்டினா. அப்புறம் உக்காந்து தம்பிகிட்ட, "எங்கடா உன் பொண்டாட்டி? நாத்தனார் வந்தா ஒரு வாய் காபி உண்டா? ஜாக்கெட் துணிக்கு அலையத்தான் நேரம்"னு முக்கால் மணி நேரம் பேசினா. குடையில இருந்து தண்ணி சொட்டு சொட்டுனு சொட்டுது. இவ ஆணி மாதிரி நின்னுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டா. அப்பவும் அவ மாறல. சுவருக்கு வேற கலர் அடிக்கச் சொன்னா, அவ்வளவுதான்.

"குடை கனமா இருக்காதா பெரியம்மா?"

இருக்கும். நடுவுல பேசாதே. இனிமேதான் கஷ்டமான இடம் வருது.

ஆடி மாசம் கடைசி வெள்ளி. அந்த ஊர் மாரியம்மனுக்குப் பால்குடம். ஆயிரத்தெட்டு குடம். அன்னிக்கு ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் மஞ்சள் சேலைதான் கட்டணும். குடம் எடுக்கறவங்களும் மஞ்சள், பாக்க வர்றவங்களும் மஞ்சள். தனபாக்கியத்துக்குக் கேக்கணுமா? எலுமிச்சை மஞ்சள் சேலை, ஜாக்கெட், பாவாடை, வளையல், பை. தேனுவுக்கும் எலுமிச்சை மஞ்சள் கவுன், மஞ்சள் ரிப்பன். கோயில் தெரு முனையில ஏகாம்பரத்தை நிக்க வச்சு, மஞ்சள் செருப்பு ரெண்டு ஜோடியையும் பாத்துக்கச் சொல்லிட்டு, பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு கூட்டத்துக்குள்ள போனா.

பம்பை டமடம டமடமன்னு அடிக்குது. கூட்டம் தள்ளுது. அப்போ பக்கத்துல ஒருத்தி கையில வளையலைப் பாத்தா. அதுவும் எலுமிச்சை மஞ்சள்தான், ஆனா இவளோடதை விட அரை நூல் பளிச்னு இருக்கிற மாதிரி தெரிஞ்சது. இவளுக்குப் பொறுக்கல. "இது எங்க வாங்கினீங்க?"ன்னு கேட்டு, தன் கையை அவ கையோட சேத்து வச்சுப் பாத்தா. எந்தக் கை? தேனுவைப் பிடிச்சிருந்த கை.

பாத்துட்டுத் திரும்பினா, பிள்ளை இல்ல.

"ம்."

எழுந்து உக்காராதே. படு. படுத்துக்கிட்டே கேளு.

தேனு என்ன பண்ணினா? முன்னாடி ஒரு மஞ்சள் முந்தானை போச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டுப் போனா. கொஞ்ச தூரம் போய் நிமிந்து பாத்தா, வேற ஆளு. "நான் உங்க அம்மா இல்லடி கண்ணு." இன்னொரு முந்தானையைப் பிடிச்சா. அதுவும் வேற ஆளு. மூணாவதைப் பிடிச்சா. அது ஒரு பூசாரி. அப்புறம் அவ ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டா. ஒரு தொண்டர் தூக்கிட்டுப் போய் மைக் பந்தல்ல ஸ்டூல் மேல நிக்க வச்சார்.

மைக்காரர், "உன் பேரு என்னம்மா?"ன்னார். ஙேன்னு அழுதா. "எந்தத் தெரு?" ஙேன்னு அழுதா. "அம்மா என்ன கலர் சேலை?"ன்னார். உடனே அழுகையை நிறுத்திட்டு, "எலுமிச்சை மஞ்சள்"னா. அந்தக் கேள்விக்குத்தான் வீட்டுல பழக்கம்.

மைக் கொர்ர்ர்னு கத்திச்சு. "பக்தர்கள் கவனத்திற்கு. ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று நம்மிடம் இருக்கிறது. தாயார் மஞ்சள் சேலை, மஞ்சள் ஜாக்கெட், மஞ்சள் வளையல் அணிந்தவர். மஞ்சள் சேலை அணிந்த தாயார் எங்கிருந்தாலும் மைக் பந்தலுக்கு வரவும்."

மூவாயிரம் பேர் திரும்பிப் பாத்தாங்க.

தனபாக்கியத்துக்கு உயிரே வந்தது. பாத்தா, பந்தல் தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கு, இவ இந்தப் பக்கம். நடுவுல கயிறு கட்டி, பால்குடம் வரிசையாப் போகுது. ஆயிரத்தெட்டும் போய் முடியற வரைக்கும் யாரையும் குறுக்க விடமாட்டாங்க. இப்பத்தான் நாப்பதாவது குடம் போகுது. "என் பிள்ளை, என் பிள்ளை"ன்னு இவ தொண்டர்கிட்ட கெஞ்சினா. "எல்லாரும் இதையேதான்மா சொல்றாங்க, தள்ளி நில்லுங்க"ன்னுட்டார். "தேனூ"ன்னு கத்தினா. பம்பை டமடம டமடமங்குது. கையை ஆட்டினா. அந்த நேரம் பாத்து எல்லாரும் அம்மனைப் பாத்துக் கையைத் தூக்கினாங்க. மூவாயிரம் மஞ்சள் கை. அதுல இவ கை எது?

அப்போ மைக், "இன்னும் ஐந்து நிமிடத்தில் தாயார் வராவிட்டால் குழந்தை டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பப்படும்"னுது. ஜீப்பை ஸ்டார்ட் பண்ற சத்தம் வேற டுர்ர்னு கேக்குது.

பிள்ளை அந்த ஸ்டூல் மேல நின்னு நம்மளைத்தான் தேடுது, தேடற இடமெல்லாம் மஞ்சளா இருக்குன்னு அவளுக்கு அப்பத்தான் தெரிஞ்சது. நம்ம மேல மஞ்சள் இல்லாத சாமான் ஏதாவது இருக்கான்னு தேடினா. பின்னைப் பாத்தா. பின்னும் மஞ்சள்.

பின்னாடி திருவிழாக் கடை வரிசையா இருந்தது. வளையல் கடையில வாடாமல்லிக் கலர் வளையல் ஒரு டஜன் எடுத்து, சலக்னு இடது கையில ஏத்தினா. எலுமிச்சை மஞ்சளுக்கு வாடாமல்லி! மாட்டறப்போ கண்ணை மூடிக்கிட்டா. கையைத் தூக்கிக் காட்டினா. தேனு பாக்கல.

அடுத்த கடையில ஒரு ராமர் பச்சைத் துண்டை எடுத்துத் தோள்ல போட்டு, முனையைப் பிடிச்சுச் சுத்தினா. தேனு பாக்கல. ஐஸ்காரர் தன்னைக் கூப்பிடறாங்கன்னு நினைச்சு வந்து நின்னார்.

மூணாவது பிளாஸ்டிக் கடை. அங்க நீலக் கலர்ல பெரிய வாளி ஒண்ணு. தனபாக்கியம் அதைத் தூக்கித் தலையில கவுத்துக்கிட்டா, பட்டுனு.

அங்க என்ன ஆச்சுன்னா, அந்தத் தொண்டர் பாத்துட்டார். கரகம் பாத்திருக்கார், தீச்சட்டி பாத்திருக்கார், அலகு குத்தினதைப் பாத்திருக்கார். இதைப் பாத்ததில்ல. என்ன கஷ்டமோ, என்ன வேண்டுதலோன்னு கையெடுத்துக் கும்பிட்டார். "வாளி வேண்டுதல் வருது! வழி விடுங்க!"ன்னு கத்திக் கயிறைத் தூக்கினார். நூத்திப் பத்தாவது குடம் நின்னுது. ரெண்டு பாட்டிங்க கால்ல மஞ்சத்தண்ணி ஊத்தினாங்க. ஒருத்தி, "எத்தனை வெள்ளிக்கிழமைம்மா எடுக்கணும்?"னு பின்னாடியே ஓடி வந்து கேட்டா. இவ வாளி விளிம்புக்குக் கீழ தரையைப் பாத்துக்கிட்டே டங்கு டங்குன்னு நடந்து நேரா பந்தலுக்குப் போயிட்டா.

"தேனு"ன்னு கையை நீட்டினா. வாளிக்குள்ள இருந்து குரல் வேற யாரோடதோ மாதிரி கேட்டது.

தேனு பாத்தா. வாளியைப் பாத்தா, பச்சைத் துண்டைப் பாத்தா, வாடாமல்லி வளையலைப் பாத்தா. மைக்காரர் கேட்டார், "இதுவா உங்க அம்மா?"

"இல்ல"ன்னா தேனு. "எங்க அம்மா இப்படியெல்லாம் வெளியில வரமாட்டாங்க."

மைக்காரர் தனபாக்கியத்தைச் சந்தேகமா ஒரு பார்வை பாத்தார். "தள்ளி நில்லுங்கம்மா"ன்னார். தனபாக்கியம் அழுதுட்டா. பெரியவங்க அழக்கூடாதுன்னு உன்கிட்ட யாராவது சொல்லியிருந்தா அது பொய். வாளிக்குள்ள அழுதா, சத்தம் இன்னும் பெரிசாக் கேட்டது. ஒரு வளையலைப் பாக்கறதுக்காகப் பிள்ளை கையை விட்டோமேன்னு நினைச்சு நினைச்சு அழுதா.

அழுதுக்கிட்டே வாளி விளிம்பைக் கொஞ்சம் தூக்கிக் கண்ணைத் துடைச்சுப் பாத்தா, பிள்ளை கவுன்ல, நெஞ்சு மேல, பெரிசா ஒரு கறை. அழுகையை நிறுத்த யாரோ ரோஸ் மில்க் வாங்கிக் குடுத்திருக்காங்க.

"அடிப்பாவி! எலுமிச்சை மஞ்சள்ல ரோஸ் மில்க்கையா கொட்டிக்கிட்டே? எவன்டி வாங்கிக் குடுத்தது? பாதாம் பால் வாங்கிக் குடுத்திருக்கக் கூடாது? மஞ்சளோட மஞ்சளாப் போயிருக்குமேடி! இது துவைச்சாப் போகுமா?"

தேனு குனிஞ்சு தன் கவுனைப் பாத்தா. அப்புறம் "அம்மா!"ன்னு ஸ்டூல்ல இருந்து ஒரே தாவு. வாளி ஒரு பக்கம் டமால்னு உருண்டு போச்சு. தனபாக்கியம் அவளை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா, ரோஸ் மில்க் ரெண்டு பேர் மேலயும் ஒட்டிக்கிச்சு.

மைக் கொர்ர்ர்னுது. "குழந்தையின் தாயார் கிடைத்துவிட்டார். நீல வாளியை எடுத்து வந்தவர் கடையில் திருப்பித் தரவும்."

வாளியைக் குடுத்தா, துண்டைக் குடுத்தா, வளையலுக்குக் காசு குடுத்தா, தெரு முனையில செருப்போட நின்ன ஏகாம்பரத்தைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனாங்க. அதுக்கப்புறம் அவ திருந்திட்டாளான்னு கேக்காதே. அடுத்த வெள்ளிக்கிழமை மெந்தியக் கலர் சேலை, மெந்தியக் கலர் ஜாக்கெட், பொட்டு, செருப்பு, எல்லாம் மெந்தியம். பக்கிரிசாமி ஒம்பது தடவை ரோட்டுக்கும் கடைக்கும் நடந்தார். ஆனா தேனுவைப் பிடிச்சுக்கிற இடது கையில மட்டும் வாடாமல்லி வளையல் சலக் சலக்குனுது. அதுக்கடுத்த வெள்ளிக்கிழமையும் அது இருந்தது. தேனு பெரிய கிளாஸ் போனப்புறமும் இருந்தது.

"என்னடி இது, மேட்ச்சே இல்லையே?"ன்னு தெருவுல எல்லாரும் கேட்டாங்க.

"கழட்ட வரல"ன்னா.

"நெசமாவே வரலையா பெரியம்மா?"

சோப்பு போட்டா வந்திருக்கும். அவ போடல.

ம் எங்க? ம்... சரி. தனபாக்கியம் தூங்கிட்டா, தேனு தூங்கிட்டா, ஆடு கூட தூங்கிடுச்சு. கதையை மடிச்சுப் பீரோவுல வச்சாச்சு, இனி நீ தூங்கு.