மஞ்சள் பல்லும் மாப்பிள்ளையும்

மொண்ணைப்பட்டிக்காரர்களுக்கு மூளை இல்லை என்றால் கோபம் வரும். இருக்கிறதை எடுத்துப் புழங்க மாட்டேன் என்கிறார்களே, அதற்கு நான் என்ன செய்ய?

அந்த ஊருக்கு ஒரு வாத்தியார் வந்தார். கடல் தாண்டி மாயர் என்று ஒரு பழைய சனம். அவர்கள் நாள் பார்த்த விதத்தைக் காட்ட மரத்தில் இரண்டு பல்சக்கரம் செய்து, ஒன்றோடொன்று பொருத்திக் கொண்டுவந்திருந்தார். சாமி காரியத்துக்குச் சின்னது, இருநூற்று அறுபது பல். வெள்ளாமைக்குப் பெரியது, முந்நூற்று அறுபத்தைந்து பல்.

"நாளுக்கு ஒரு பல் முன்னால தள்ளணும். இன்னைக்குச் சேர்ந்த ரெண்டு பல்லும் மறுபடி சேர அம்பத்திரண்டு வருஷம் ஆகும்" என்றார். சக்கரத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனார், பாவி மனுஷன்.

அன்றிலிருந்து ஊர்ப் பெரியவர் சுடலையாண்டி விடிந்ததும் ஒரு பல் தள்ளுவார். தள்ளாவிட்டால் பொழுது நகராதாம்! அவர் தம்பி மகன் ஒண்டிவீரனுக்குக் கல்யாணம் குறித்தபோது, அன்றைக்குச் சேரவேண்டிய இரண்டு பல்லிலும் மஞ்சள் பூசி வைத்தார்கள்.

கல்யாணத்தன்று பெரியவர் தள்ளினார். மஞ்சளும் மஞ்சளும் சேர்ந்தன. அவர் குளிக்கப் போனதும், எடுபிடி கோனேரி வந்து, "பெரியவர் மறந்திருப்பார்" என்று இன்னொரு பல் தள்ளினான். மஞ்சளைப் பார்த்துக்கொண்டேதான் தள்ளினான், மடையன்.

மணமேடையில் பெண் தங்கப்பொண்ணு உட்கார்ந்தாயிற்று. மாப்பிள்ளை தாலியை எடுக்கும்போது பெரியவர் சக்கரத்தைப் பார்த்து அலறினார்.

"நிறுத்துடா! உன் கல்யாண நாள் நேத்தே போயிருச்சு!"

"பெரியப்பா, பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கு!"

"ஒரு பல்லு பின்னால தள்ளினா என்ன?" என்றாள் தங்கப்பொண்ணு. பாவம், அவள் வெளியூர்.

"போன நாள் திரும்பி வந்து பாத்திருக்கியா தாயி? முன்னாலதான் தள்ளணும்" என்றான் கோனேரி.

"அம்பத்திரண்டு வருஷம் நான் எப்படிப் பொறுப்பேன்?" என்று மாப்பிள்ளை ஓவென்று அழுதான்.

"ஏண்டா அழுவுற? எல்லாரும் கை குடுத்தா பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிரலாம்" என்றார் பெரியவர்.

ஊரே விழுந்தடித்துச் சக்கரத்தைத் தள்ளியது. பந்தியில் சாம்பார் ஆறிப்போனது. பொழுது சாயும்போது மஞ்சள் பல் இரண்டும் சேர்ந்தன. ஒண்டிவீரன் தாலியோடு ஓடினான்.

"இருடா. உனக்கு என்ன வயசு?" என்றார் பெரியவர்.

"இருபத்தாறு."

"அது காலையில. இப்ப எழுபத்தெட்டு. வெக்கமா இல்ல?"

"அவளுந்தான் கிழவியாயிட்டா பெரியப்பா. கட்டிக்கிறேன்!"

நியாயம்தான் என்று சபை ஒத்துக்கொண்டது. அப்போது பார்த்துக் கோனேரிக்குச் சந்தேகம் வந்து தொலைத்தது.

"பெரியவரே, காலையில உங்களுக்கு அறுபது. இப்ப நூத்திப்பன்னெண்டு. அத்தனை வருஷம் யாரு இருக்கா?"

பெரியவர் யோசித்தார். "அட, ஆமா! நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேனே!"

மணமேடையிலேயே மல்லாந்து படுத்து, நெஞ்சில் கை கட்டிக்கொண்டார். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள்.

"அப்ப தாலி?" என்றான் ஒண்டிவீரன்.

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"அறிவிருக்காடா? பெரியப்பன் செத்து வருஷம் திரும்பாம வீட்ல நல்ல காரியம் பண்ணுவாங்களா? அடுத்த மஞ்சப் பல்லுக்குத் தள்ளுங்க!"

கோனேரியை நம்ப முடியாது என்று, பிணமே எழுந்து போய் முதல் பல்லைத் தள்ளியது.