சிகப்பாயி இடித்த சுவர்

அந்தக் காலத்தில் நண்டு நேராகத்தான் நடந்தது. பேசவும் செய்தது, கொஞ்சம் அதிகமாகவே. கடை, கோயில், தெரு என்று இன்றைக்கு ஊராக இருக்கிறதே கூழைத்தீவு, அங்கே அப்போது ஒரே ஒரு மண்வீடுதான். அக்கரையில் இருந்த ஊரைக் கடல் கொண்டுபோய்விட, பிழைக்க வந்த கொம்பையாவும் அவன் பெண்டாட்டி சிகப்பாயியும் அவள் தம்பி நாகனும் கட்டிய வீடு. தீவு அகலமா என்றால் அதுவும் இல்லை. வடகரையில் தும்மினால் தென்கரையில் கேட்கும்.

ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு தோணியில் சேர்ந்தே போவார்கள், சேர்ந்தே வடகரைக்குத் திரும்புவார்கள். அதனால் வீட்டு வாசலும் வடக்கே பார்த்து ஒன்றுதான். பொழுது சாய்ந்ததும் சிகப்பாயி உள்ளே, வாசலுக்கு நேராக விளக்கை வைப்பாள். அந்த வெளிச்சத்தைப் பிடித்து வந்தால் பாறையில் மோதாமல் கரையேறலாம். கடலில் ஆள் இருக்கும்போது வீட்டில் இரண்டாவது விளக்கு ஏற்றக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அது செத்தவருக்கு வைக்கும் விளக்கு. ஏற்றினால் போனவரில் ஒருவர் திரும்ப மாட்டார்.

ஒரு நாள், பாழாய்ப்போன காற்று இன்ன பக்கம் என்றில்லாமல் சுழன்றடித்தது. மழையும் சேர்ந்துகொள்ள, சாயங்காலமே இருட்டிவிட்டது. சிகப்பாயி, வீட்டையே சுற்றிக் கிடந்த நண்டைக் கூப்பிட்டு, தோணிப் பாய் தெரிகிறதா என்று பார்த்துவரச் சொன்னாள்.

வடக்கே ஓடிய நண்டு, பாய் தெரிகிறது என்றது. அப்பாடா என்று விளக்கை வாசலுக்கு நேராக வைத்தாள். மனசு கேட்காமல் மறுபடியும் அனுப்பினாள். இந்த முறை தெற்கே போய்விட்டு வந்து, பாய் அங்கே தெரிகிறது என்றது.

"வடக்கேன்னு சொன்னியே?"

"அதுவும் நெசந்தான் ஆத்தா."

சனியனே, ஒழுங்காகப் பார்த்துச் சொல் என்று திட்டி விரட்டினாள். அது வடக்கே ஓடியது, தெற்கே ஓடியது, திரும்பித் திரும்பித் தலை சுற்றிப்போய் வந்து நின்றது. இரண்டு பக்கமும் பாய் இருக்கிறது, எது முன்னால் எது பின்னால் என்று எனக்கே தெரியவில்லை என்று முனகியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சேர்ந்தே போனவர்களைக் காற்று பிரித்துவிட்டது. ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே. எந்தப் பக்கம் யார்? நண்டுக்குத் தெரியாது, அதற்கு எல்லாப் பாயும் ஒன்றுதான். விளக்கை வடக்கே காட்டினால் தெற்கே இருப்பவர் பாறையில் மோதிச் சாவார். புருஷனா, தம்பியா? தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பாளாம், பாவி மகள்! வெளியே வைத்தால் மழை அணைத்துவிடும். இன்னொரு அகலைக் கையில் எடுத்தாள். கீழே வைத்துவிட்டு, அவர்களில் யாரை நான் சாகக் கொடுப்பேன் என்று வாய்விட்டு அழுதாள்.

அழுதுகொண்டே கடப்பாரையை எடுத்தாள். கொம்பையா பார்த்துப் பார்த்து எழுப்பிய பின்சுவரில் ஓங்கிக் குத்தினாள். மண் பெயர்ந்தது, கல் பெயர்ந்தது, ஆள் நுழையும் அளவுக்குச் சுவர் வாயைப் பிளந்தது. விளக்கை வீட்டின் நடுவில் வைத்து, சேலைத் தலைப்பைக் கிழித்துக் கனமாகத் திரி போட்டாள். காற்றில் சுடர் சாய்ந்தது. நல்லவேளை, அணையவில்லை.

கொம்பையா வாசலில் காலை வைத்தவன் அப்படியே நின்றான். வீட்டுக்குள் பார்த்தால் அந்தப் பக்கத்துக் கடல் தெரிகிறது. யார் வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று அவன் முழித்துக்கொண்டிருக்கும்போதே, எதிரே இடிந்த மண்ணை மிதித்து ஏறி நாகன் வந்தான். அவனும் முழித்தான்.

"மாப்ள, நீ ஏன் பின்பக்கமா வர்ற?"

"நான் முன்பக்கமாத்தானே வந்தேன் மச்சான். நீங்கதான் பின்பக்கமா வந்திருக்கீங்க."

சிகப்பாயி மண் ஒட்டிய கையால் இருவரையும் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் முன்பக்கமாத்தான் வந்தீங்க. விடுங்க."

அந்தச் சுவரை அவள் மறுபடி எழுப்ப விடவில்லை. பிறகு வந்து குடியேறியவர்களும் அதைப் பார்த்தே கட்டினார்கள். அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம்தான், நண்டு இன்னும் எது முன்னால் என்று தெரியாமல் பக்கவாட்டில் ஓடுகிறது; கூழைத்தீவிலோ எந்த வீட்டுக்கும் பின்வாசல் என்று ஒன்று கிடையாது, வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டால், நீங்கள் வந்த பக்கம் என்பார்கள்.